60 பதில்களை மனப்பாடம் செய்தேன், 61ஆவது கேள்வி கேட்டார்கள்

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கிடங்குப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். அதில் கடைசி நான்கு வருடம் சரக்கு இருப்புக் கணக்கு முழுக்க அவர் பொறுப்பு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அம்மா இப்போது ஓரளவு தேறி, தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். ஆறு மாதமாக மீண்டும் வேலை தேடுகிறார் மகள். மூன்று நேர்காணல்களுக்குப் போய்விட்டு வந்தாயிற்று, மூன்றிலும் அழைப்பில்லை.

“60 கேள்வி பதில்களை எழுதி உருப்போட்டுக்கொண்டுதான் போனேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் நன்றாகவே ஆரம்பித்தேன். நடுவில் ஒருவர் குறுக்கிட்டு ஏதோ கேட்டார். அவ்வளவுதான், விட்ட இடம் தெரியவில்லை. அடுத்து, ‘மேலதிகாரியோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்’ என்றார்கள். என் 60இல் அது இல்லை. அப்படி எதுவும் நடந்ததே இல்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரில் ஒருவர் கடைசிவரை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அழுதேன்” என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த நேர்காணலுக்கு இன்னும் 12 நாள். அந்த மூன்று வருடத்துக்குத் தன் நிறுவனத்தில் ஆலோசகராக இருந்ததாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறாராம் ஒரு தோழி. செய்யலாமா? பேச்சைவிட உடல்மொழிதான் 93 சதவீதம் என்கிறார்களே, கண்ணாடி முன்னால் பயிற்சி செய்தால் போதுமா? சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? கடைசியாக ஒரு பின்குறிப்பு: மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் யாரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்?

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, நேர்காணலில் தடுமாறிய ஒருவர் தெரிந்தார். இரண்டாம் முறை, கடிதத்தின் நடுவில் பழைய நிறுவனத்தின் மேல் உள்ள மனத்தாங்கலில் நீங்கள் எழுதியிருந்த ஒரு பத்தியில் நின்றுவிட்டேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாதாமாதம் கணினியில் இருக்கும் எண்ணிக்கையைவிட அலமாரியில் சரக்கு குறைவாக இருந்தது, திருட்டு என்று சொல்லி இரண்டு உதவியாளர்கள் மேல் சந்தேகம் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மாத முடிவு நெருங்கியதால் எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிட்டு ஆகவேண்டியதைப் பார்க்கச் சொன்னார் உங்கள் மேலாளர். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் வேலை முடிந்த பிறகு ஒரு பகுதி என்று மூன்று வாரம் எண்ணினீர்கள். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் சரக்கை இரண்டு இடத்தில் பதிவு செய்கிறார்கள், கணினியில் இருப்பு கூடுதலாகத் தெரிவது அதனால்தான் என்று கண்டுபிடித்தீர்கள். “அதற்கு ஒரு நன்றிகூட இல்லை” என்று அந்தப் பத்தி முடிகிறது.

மேலதிகாரியோடு கருத்து வேறுபாடு வந்ததே இல்லை என்றா சொன்னீர்கள்?

அவர்கள் தேடுவது என்ன

நேர்காணலை நீங்கள் வாய்மொழித் தேர்வு மாதிரி எடுத்துக்கொள்கிறீர்கள். தேர்வென்றால் கேள்விக்கு ஒரு சரியான விடை இருக்கும், படித்தவர் சொல்வார், படிக்காதவர் திணறுவார். ‘ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு அப்படிச் சரியான விடை எதுவும் கிடையாது. ஒருவர் நாளைக்கு எப்படி நடந்துகொள்வார் என்பதை அவர் நேற்று எப்படி நடந்துகொண்டார் என்பதிலிருந்து ஊகிக்கலாம் என்ற கணக்கில் கேட்கப்படும் கேள்வி அது. எல்லா விண்ணப்பதாரர்களையும் ஒரே கேள்விகள் கேட்டு, முன்கூட்டியே முடிவு செய்த அளவுகோலில் மதிப்பெண் போடும் முறைக்குக் கட்டமைத்த நேர்காணல் என்று பெயர். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகளில் எது பிற்கால வேலைத்திறனோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று, பல ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2022இல் பால் சாக்கெட் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் மறுபடி கணக்கிட்டார்கள். முதலிடத்தில் வந்தது இந்த முறைதான். மனம் போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணல் அதைவிட வெகுவாகப் பின்தங்கியது. அதனால் நீங்கள் போகும் இடங்களிலும் இந்த மாதிரிக் கேள்விகள் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மனப்பாடம் உதவாது. ஏன் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். வரிவரியாக உருப்போட்டது சங்கிலி மாதிரி, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சொல் வரும். யாராவது குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் பிடி விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து வந்தால்தான் தொடர முடியும். பதற்றத்தில் அதற்கும் வழியில்லை. நடந்த சம்பவம் அப்படிப்பட்டதல்ல. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளைப் பற்றி யாராவது நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்டால் நீங்கள் விட்ட இடத்தை மறந்துவிடுவீர்களா என்ன? எந்த இடத்திலிருந்தும் தொடருவீர்கள், நீங்கள் அங்கே இருந்தவர் என்பதால்.

ஆகவே அந்த 60 பதில்களையும் ஓரமாக வையுங்கள். கிழித்துப்போட வேண்டாம், எழுதிய உழைப்பு வீண் போகாது. ஆனால் இந்த 12 நாளில் அதைத் திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒன்பது வருடத்திலிருந்து ஆறேழு சம்பவங்களைத் தேடி எடுங்கள். ஒன்று தவறு செய்து திருத்திக்கொண்டதாக இருக்கட்டும், ஒன்று யாரோடாவது முரண்பட்டதாக இருக்கட்டும். நேரமோ ஆளோ போதாமல் சமாளித்தது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது, யாருக்காவது கற்றுக்கொடுத்தது என்று யோசித்தால் கிடைக்கும். ‘சாதனை’ என்று தலைப்புப் போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது, நம்மில் பலருக்கும் அந்தச் சொல்லே கூச்சம். ‘எப்போது எனக்கு எரிச்சல் வந்தது?’ என்று தேடிப் பாருங்கள். எரிச்சல் வந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பிரச்சினை இருந்திருக்கும், அதை நீங்கள் ஏதாவது செய்திருப்பீர்கள். உங்கள் சரக்குக் கதையும் எரிச்சலில்தானே வெளியே வந்தது!

ஒரு சம்பவத்தைச் சொல்ல ‘ஸ்டார்’ என்ற முறையைப் பலரும் சொல்லித்தருகிறார்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று. நல்ல முறைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெரும்பாலோர் நிலைமையை விளக்குவதிலேயே மூன்று நிமிடத்தைத் தீர்த்துவிடுவார்கள். கிடங்கு எத்தனை மாடி, எத்தனை பிரிவு என்பதெல்லாம் கேட்பவருக்கு வேண்டாம். நிலைமைக்கு இரண்டு வாக்கியம் போதும், பாதிக்கு மேல் நேரம் நீங்கள் செய்ததற்குப் போகட்டும். அங்கே ‘நாங்கள்’ என்று சொல்லி ஒளிந்துகொள்ளாதீர்கள். அடக்கமாகப் பேசி வளர்ந்தவர்களுக்கு ‘நான்’ என்று சொல்ல நா எழாது, புரிகிறது. ஆனால் ‘நாங்கள் கண்டுபிடித்தோம்’ என்றால், கண்டுபிடித்தது நீங்களா பக்கத்து மேசைக்காரரா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

உங்கள் சம்பவத்தை நான் இப்படிச் சொல்வேன்:

“கணினியில் இருந்த எண்ணிக்கைக்கும் கையிருப்புக்கும் ஒவ்வொரு மாதமும் வித்தியாசம் வந்தது. மாத முடிவு நெருக்கடியில் எண்ணிக்கையைத் திருத்திவிடலாம் என்பது என் மேலாளரின் எண்ணம். காரணம் தெரியாமல் திருத்தினால் அடுத்த மாதமும் இதே வரும் என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லி, வழக்கமான வேலை நிற்காமல் தினமும் மாலையில் ஒரு பகுதியை எண்ணுகிறேன் என்று அனுமதி கேட்டேன். மூன்று வாரத்தில், திரும்பி வந்த சரக்கு இரண்டு முறை பதிவாவதைக் கண்டுபிடித்தேன். இரண்டு பேர் மேல் இருந்த திருட்டுச் சந்தேகமும் நீங்கியது.”

இதில் மேலாளரை ஓர் இடத்திலும் குறை சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவருடைய நெருக்கடியையும் சொல்லியாகிவிட்டது. பழைய மேலாளரைத் திட்டுபவரைப் பார்க்கும்போது எதிரில் இருப்பவர் மனதில் ‘நாளைக்கு நம்மையும் இப்படித்தான்’ என்று ஓடும். நன்றி சொல்லாத வருத்தத்தை எனக்கு எழுதியதோடு விட்டுவிடுங்கள். அனுமதி கேட்டேன் என்பது நானாகச் சேர்த்தது. நீங்கள் கேட்காமலே எண்ணியிருந்தால் அதை எடுத்துவிட்டு, நடந்ததையே சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர், தொகை போன்ற உள்விவரங்களும் வேண்டாம்.

“உங்கள் பலவீனம் என்ன?” என்ற கேள்விக்கு “எதையும் கச்சிதமாகச் செய்யாவிட்டால் எனக்குத் திருப்தி வராது” என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தப் பதிலை நான் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. குறை சொல்வதுபோல் தற்பெருமை பேசினால் நேரடித் தற்பெருமையைவிடவும் எரிச்சலூட்டும் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது. உண்மையான ஒரு குறையைச் சொல்லுங்கள், அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். கேட்ட வேலையின் உயிர்நாடியாக இருக்கும் திறமையில் குறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இருப்புக் கணக்கு வேலைக்குப் போய் எண்கள் என்றால் பயம் என்பதைப் போல.

மூன்று வருட இடைவெளி

தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வேண்டாம். இதில் நான் ‘ஒருபக்கம் பார்த்தால், மறுபக்கம் பார்த்தால்’ என்று இழுக்கப்போவதில்லை.

முதல் காரணம், பிடிபடும். வேலைக்கு எடுக்கும் முன்னரோ பின்னரோ முந்தைய பணி விவரங்களைச் சரிபார்ப்பது பல நிறுவனங்களில் வழக்கம். சம்பளச் சீட்டு, வரிப் பதிவு, பணிச் சான்று என்று ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தால் சேர்ந்த பிறகும் வேலையிலிருந்து நீக்கலாம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதியிருப்பார்கள். ஒரு வருடம் நன்றாக வேலை செய்த பிறகு அது வெளிவந்தால், இடைவெளியைவிடப் பெரிய கறை அது. சான்று கொடுத்த தோழியும் மாட்டிக்கொள்வார்.

இரண்டாம் காரணத்தை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். ‘ஆலோசகராக என்ன செய்தீர்கள்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். நடக்காத சம்பவத்தை நினைவிலிருந்து எடுக்க முடியாது, மறுபடி மனப்பாடம்தான். ஏற்கெனவே உங்களைக் கவிழ்த்த அதே இடத்தில் நீங்களே போய் நிற்பீர்கள்.

இடைவெளி இருந்தாலே வேலை கிடைக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில இடங்களில் அது பாதகமாகத்தான் பார்க்கப்படும், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் இடைவெளியைவிட அதை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வதுதான் அதிகம் உறுத்தும். “அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாததால் மூன்று வருடம் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது தேறிவிட்டார், முழுநேரமாக வேலைக்கு வரத் தயார்” என்று சொல்லி நிறுத்துங்கள். நோயின் விவரமெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. அதோடு, இந்த மூன்று வருடத்தில் உங்கள் துறையில் என்ன மாறியது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். இடைவெளியைப் பற்றிக் கேட்பவரின் உண்மையான கவலை இதுவாகத்தான் இருக்கும்: இவருக்கு இப்போதுள்ள மென்பொருள் தெரியுமா, வேலையின் வேகத்துக்கு வந்துவிடுவாரா? அதற்குப் பதில் இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

93 சதவீதம் என்ற கதை

இந்த எண் 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் சக ஆய்வாளர்களோடு நடத்திய இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரல் தொனியில் ஒலிக்கவிட்டார்கள். ஒன்றில் முகபாவப் படங்களையும் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்பவர்கள் எதை வைத்து ஊகிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று வந்தது. உணர்வும் மனப்பாங்கும் சம்பந்தப்பட்ட இடம் தவிர வேறெங்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே பின்னால் தெளிவுபடுத்தினார். அதற்குள் அந்த எண் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது. பேச்சில் பொருளுக்கு 7 சதவீதம்தான் இடம் என்றால், தெரியாத மொழியில் ஒருவர் பேசினாலும் நமக்கு 93 சதவீதம் புரிய வேண்டுமே!

நிமிர்ந்து உட்காருங்கள், கேட்பவர் முகத்தைப் பாருங்கள், கடைசிச் சொல்லை விழுங்காமல் பேசுங்கள். உடல்மொழிக்கு இவ்வளவு போதும். கண்ணாடி முன்னால் பயிற்சி செய்தால் கவனம் உங்கள் முகத்தின் மேல் போகும். நேர்காணலில் அது கேள்வியின் மேல் இருக்க வேண்டும்.

இந்த 12 நாளில்

முதல் இரண்டு நாள் வேலை அறிவிப்பை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். அவர்கள் கேட்டிருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே உங்கள் சம்பவங்களில் ஒன்றை எழுதுங்கள். ஒரே சம்பவம் மூன்று இடத்துக்குப் பொருந்தினாலும் சரி. உங்கள் சரக்குக் கதையே கருத்து வேறுபாடு, பிரச்சினையைத் தீர்ப்பது, நேர்மை என்று மூன்றுக்குப் பயன்படும். நிறுவனத்தின் இணையதளத்தில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தோடு நின்றுவிடாமல், அவர்கள் என்ன விற்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், அந்தச் சரக்கை எங்கே எப்படி வைத்திருப்பார்கள் என்று உங்கள் தொழில் கண்ணோடு பாருங்கள்.

அப்புறம், படிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்களுக்கும் அதுதான். தோழியை எதிரில் உட்கார வைத்து, வேண்டுமென்றே நடுவில் குறுக்கிடச் சொல்லுங்கள். (பொய்ச் சான்று தருவதைவிட இந்த உதவியை அவர் தாராளமாகச் செய்யலாம்.) ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்லுங்கள், சம்பவம் மட்டும் அதேதான். செல்போனில் பதிவு செய்து கேட்டால் எங்கே இழுக்கிறீர்கள் என்று தெரியும். முதல் முறை கேட்கும்போது நம் குரல் நமக்கே பிடிக்காது, பரவாயில்லை.

ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால், முதலில் தமிழில் சம்பவத்தை முழுதாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். நீளமான வாக்கியங்கள் வேண்டாம்.

பதற்றம் முழுக்கப் போகாது, போகவும் வேண்டாம். ‘அமைதியாக இரு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘ஆவலாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப்பேச்சில் நன்றாகச் செய்தார்கள் என்று 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். படபடக்கும் நெஞ்சை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் கொடுப்பது சுலபம். மூளை வெறுமையாகிப்போனால் “ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்லலாம், அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. நாலைந்து விநாடி மௌனம் உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரியும், அந்த நேரத்தில் அவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

சம்பளமும் சொந்த விஷயங்களும்

முன்பு வாங்கிய சம்பளத்தைக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடவும் வேண்டாம். மூன்று வருடப் பழைய எண் அது. “இந்தப் பொறுப்புக்கு இப்போது வழங்கப்படும் வரம்பு எவ்வளவு?” என்று நீங்கள் கேட்கலாம். அதே வேலைக்கு இன்றைய நிலவரம் என்ன என்று முன்கூட்டியே விசாரித்து, ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். வரம்பின் கீழ் எண்ணும் உங்களுக்குச் சம்மதமானதாக இருக்கட்டும், அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது, அமெரிக்காவில் சில மாநிலங்களிலும் அப்படிச் சட்டம் உண்டு. எல்லா இடத்திலும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

திருமணம், குழந்தை பற்றிய கேள்விகளும் அப்படித்தான், நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். வேலைக்குத் தொடர்பில்லாத கேள்வி வந்தால் சண்டைக்குப் போகாமல் வேலையின் பக்கம் திருப்பலாம்: “வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், எனக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை.” திரும்பத் திரும்ப அதையே குடைந்தால், அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. தேர்வு செய்யும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

கடைசியில் “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். “இல்லை” என்று எழுந்துவிடாதீர்கள். “இந்த இடத்துக்கு வருபவர் முதல் மூன்று மாதத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலில் உங்கள் சம்பவம் ஏதாவது பொருந்தினால், சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல இன்னொரு வாய்ப்பு.

எல்லாம் சரியாகச் செய்தும் கிடைக்காமல் போகலாம். உள்ளேயே ஒருவரை ஏற்கெனவே மனதில் வைத்திருப்பார்கள், அல்லது அந்த இடத்தையே ரத்து செய்துவிடுவார்கள், உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். முந்தைய மூன்றில் எத்தனை அந்த ரகம் என்று நமக்குத் தெரியாது.

பின்குறிப்புக்கு வருகிறேன். கேள்வி கேட்டவரைப் பார்த்து ஆரம்பியுங்கள். சொல்லிக்கொண்டு போகும்போது மற்றவர்களையும் ஒருமுறை பாருங்கள், முடிக்கும்போது மறுபடி கேட்டவரிடம் வந்துவிடுங்கள். செல்போன் பார்த்தவர் உங்களைப் பிடிக்காமல்தான் பார்த்தார் என்று நினைக்கிறீர்கள். நானும் ஒரு நேர்காணலில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து செய்தி வந்திருந்தது. எதிரில் இருந்த பையன் பாதியில் என்னைப் பார்த்து, பிறகு தரையைப் பார்த்து, அதன் பிறகு பேச்சையே சுருக்கிக்கொண்டான். அவன் நிறுத்தியது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அடுத்த முறை அப்படி ஒருவர் இருந்தால், அவர் தலை நிமிரும்போது பார்ப்பதற்கு நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள்.